இறந்தது எந்த ஆசிரியன்?
'டூம்' கருவிப்பெட்டியும் பெயர் தொலைந்த லெவல்காரர்களும்

1

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இருட்டு நடைகளில் ஓடி, எதிரே வருகிற பேய் பிசாசையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். வன்முறையை விற்றுக் காசாக்குகிற அமெரிக்கக் கேளிக்கைத் தொழிலின் சரக்கு அது, மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே பேச்சு ஆட்டத்தை ஆடியவர்களைப் பற்றியல்ல. ஆட்டத்தைப் பிரித்து உள்ளே போய், தங்களுக்கான அறைகளையும் படிக்கட்டுகளையும் தாங்களே கட்டிக்கொண்டவர்களைப் பற்றி. அதற்கான கருவிகளையும் தாங்களே செய்துகொண்டவர்களைப் பற்றி. கடைசியில் விளைச்சல் யார் வீட்டுக் குதிருக்குப் போனது என்பதைப் பற்றி.

ரொலாண் பார்த் 1967ல் எழுதிய 'ஆசிரியனின் மரண'த்தை நாம் தமிழில் சண்டை போட்டுப் படித்தவர்கள். பிரதி திறந்து கிடக்கிறது, அர்த்தம் வாசகனின் கையில் இருக்கிறது, மையம் சிதறிவிட்டது என்றெல்லாம் பேசித் தீர்த்தோம். அதற்கு வெகுமுன்பே, 1934ல், வால்ட்டர் பெஞ்சமின் இன்னும் கறாரான அளவுகோல் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஒரு உற்பத்திச் சாதனம் எவ்வளவு பேரை நுகர்வோர் நிலையிலிருந்து உற்பத்தியாளர் நிலைக்கு இழுத்துவருகிறதோ, அவ்வளவுக்கு அது மேலானது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' அபூர்வமான ஒரு வெற்றி. காசு கொடுத்து வாங்கியவன் அடுத்த மாதமே தயாரிப்பாளனாக மாறிய சரக்கு அது.

அப்படியானால் அங்கே ஆசிரியன் செத்தானா? செத்தான் என்றால், எந்த ஆசிரியன்? கோட்பாட்டில் நாம் விவாதித்த இந்தக் கேள்வி, அமெரிக்காவில் ஒரு கோர்ட்டுக்கே போய் 1998ல் தீர்ப்பும் வாங்கிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2

டூமை உருவாக்கியது டெக்சாஸில் இருந்த 'இட் சாஃப்ட்வேர்' என்கிற சின்னக் கம்பெனி. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ இருவரும் அதன் முக்கியமான பெயர்கள். 1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணினி ஒன்றில் ஆட்டத்தை ஏற்றிவிட்டார்கள். ஷேர்வேர் முறை: மூன்று பாகங்களில் முதல் பாகம் இலவசம், யாரும் யாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கலாம், மீதி இரண்டு பாகங்களுக்குத்தான் காசு.

இந்தக் கம்பெனியின் முந்தைய ஆட்டம் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' (1992). அதை வாங்கிய பையன்கள் சும்மா ஆடிவிட்டுப் போகவில்லை. கோப்புகளைக் குடைந்து, சுவர்களை மாற்றி, எதிரிகளின் உருவத்தை மாற்றி, தொலைக்காட்சியில் வருகிற குழந்தைகள் நிகழ்ச்சிப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வில்லனாக நிறுத்தினார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல். மாற்ற வேண்டுமென்றால் மூலக் கோப்பின் மேலேயே எழுத வேண்டும். புதுசு வந்தால் பழசு அழியும்.

வேறு கம்பெனியாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கும். கார்மாக் சந்தோஷப்பட்டார். நிரல் என்பது பகிர்ந்துகொள்ள வேண்டிய அறிவு என்று நம்பிய பழைய 'ஹேக்கர்' மரபில் வந்தவர் அவர். டூமைக் கட்டும்போது அதன் வயிற்றை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் 'எஞ்சின்': உருவங்களைத் திரையில் வரைவது, இயக்குவது, மோதலைக் கணக்கிடுவது. மறுபக்கம் 'வாட்' என்கிற கோப்பு: வரைபடம், சுவர்ப் படங்கள், ஒலி, பேய்களின் உருவம் எல்லாம் அதற்குள். கொட்டகை வேறு, அதில் ஏறுகிற நாடகம் வேறு என்பது மாதிரி. ஆட்டக்காரர் தனியாக ஒரு சின்ன வாட் கோப்பைச் செய்து கொடுத்தால் எஞ்சின் அதையும் சேர்த்து வாசிக்கும். மூலத்தில் இருக்கிற அதே பெயருள்ள லெவலுக்குப் பதிலாக இதைக் காட்டும். மூலம் அப்படியே இருக்கும். அழிப்பு இல்லாமல் மேலெழுதலாம்.

பிரதியின் திறந்த தன்மை என்பது இங்கே வாசகனின் மனசுக்குள் நடக்கிற சமாச்சாரமாக இல்லை. கோப்பின் அமைப்பிலேயே கதவு வைத்திருக்கிறார்கள். அதே சமயம் இதைத் தியாகம் என்று தூக்கிப்பிடிக்கவும் வேண்டாம். கம்பெனிக்குள்ளேயே வியாபாரம் பார்த்தவர்களுக்குத் தயக்கம் இருந்தது. வெளியார் செய்யும் லெவல்கள் இலவசப் பதிப்பில் ஓடக்கூடாது, காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் மட்டுமே ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எடிட்டர் செய்தவர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆக, ஊரார் செய்த ஒவ்வொரு லெவலும் கம்பெனியின் சரக்கை வாங்க இன்னொரு காரணமாயிற்று.

3

பலர் தப்பாக நினைவில் வைத்திருக்கிற ஒரு விஷயத்தை இங்கே சரிசெய்ய வேண்டும். டூமுக்கான எடிட்டரைக் கம்பெனி கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பயன்படுத்திய 'டூம்எட்' நெக்ஸ்ட் என்கிற விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களின் இயங்குதளத்தில் ஓடியது. டூமை ஆடியவர்களின் சாதாரணப் பிசியில் அது ஓடாது. கருவியை ஆட்டக்காரர்களே செய்துகொண்டார்கள். நியூசிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பிரெண்டன் வைபர் 1994 தொடக்கத்தில் 'டியூ' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட எடிட்டரை வெளியிட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபேல் கினே அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். வாட் கோப்பின் எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று குடைந்து பார்த்து எழுதிய அதிகாரபூர்வமற்ற குறிப்பேடு ஒன்றை மாட் ஃபெல் என்பவர் அதே ஆண்டில் தொகுத்துக் கொடுத்தார். எல்லாம் இலவசம். டியூவின் நிரலும் சேர்த்தே கொடுக்கப்பட்டதால் அதிலிருந்து வேறு எடிட்டர்கள் கிளைத்தன. ஆட்டத்தின் இயக்க நிரலுக்குள்ளேயே கைவிட்டுத் துப்பாக்கியின் வேகத்தையும் பேயின் உயிர்பலத்தையும் மாற்றுகிற 'டிஹாக்எட்' என்ற கருவியும் வந்துசேர்ந்தது.

இந்தக் கருவியால் ஒரு லெவலை எப்படிக் கட்டுகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரப்போகிற வழக்கு புரியும். மேலேயிருந்து பார்க்கிற மனைப்படம்போல ஒரு கோட்டுப்படம். முதலில் புள்ளிகள். புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என இரண்டு முகம். எந்த முகத்தில் எந்தச் சுவர்ப்படம் ஒட்ட வேண்டும் என்று பெயர் எழுதிவிட வேண்டும். கோடுகள் வளைத்துக்கொண்ட இடம் 'செக்டர்'. அதற்குத் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு என்று எண் கொடுக்க வேண்டும். அறைக்கு மேல் அறை கட்ட முடியாது. மாடி வீடு டூமில் கிடையாது. பிறகு 'பொருள்கள்': ஆட்டக்காரன் நிற்குமிடம், மருந்துப்பெட்டி, தோட்டா, பேய். ஒரு கோட்டை மிதித்தால் தூரத்தில் ஒரு செக்டரின் கூரை தூக்கிக்கொண்டு கதவாகத் திறக்கும்படி இரண்டையும் ஒரே எண்ணால் முடிச்சுப் போடலாம். கதை என்று ஒன்று இருந்தால் அது இந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது: எங்கே பயம் வரும், எங்கே மூச்சு விடலாம், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு. கடைசியாக, எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று எஞ்சின் சட்டென்று முடிவெடுப்பதற்காக மொத்த வரைபடத்தையும் கூறுகூறாக வெட்டி ஒரு மரவரிசையில் அடுக்க வேண்டும். அதற்கென்று தனி நிரல். அன்றைய பிசியில் பெரிய லெவல் என்றால் அதை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கவனியுங்கள். இத்தனையிலும் லெவல்காரர் ஒரு படம்கூட வரையவில்லை. சுவரும் பேயும் கம்பெனியின் மூல வாட்டில் இருக்கின்றன. இவருடைய கோப்பில் இருப்பதெல்லாம் எண்களும் பெயர்களும்: இதை இங்கே வை, அதை அங்கே வை.

இப்படியொரு கருவி கையில் கிடைத்ததும் ஜனங்கள் முதலில் எதைக் கட்டினார்கள் தெரியுமா? தன் வீட்டை. தான் படித்த பள்ளியை. வேலை பார்த்த ஆபீஸை. கற்றுக்குட்டிகளின் முதல் லெவல் என்றாலே சொந்த வீடுதான் என்று பின்னால் கிண்டல் செய்யுமளவுக்கு அது தனி வகையாகவே ஆகிவிட்டது. கிண்டலை விட்டுவிடுவோம். நரகத்தையும் செவ்வாய்க் கிரகத்தின் நிலவுகளையும் கம்பெனி வரைந்து வைத்திருந்த இடத்தில், ஒருத்தன் தன் வீட்டுச் சமையலறையைக் கொண்டுபோய் வைக்கிறான். இதைவிட எளிமையான மறுவாசிப்பு வேறு என்ன வேண்டும்? (1999ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, சுட்ட மாணவர்களில் ஒருவன் டூம் லெவல்கள் செய்தவன் என்பதை வைத்து, பள்ளியையே லெவலாக்கி ஒத்திகை பார்த்தான் என்று பேச்சு பரவியது. அவன் செய்த லெவல்கள் கிடைத்தன. பள்ளி லெவல் என்று ஒன்று கிடைக்கவில்லை.)

லெவலோடு கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் போக வேண்டும் என்று இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தலைப்பு, செய்தவர் பெயர், எந்த எடிட்டர், எத்தனை நாள் ஆயிற்று, தெரிந்த குறைகள். கடைசியில் அனுமதி: இந்த லெவலை வைத்து இன்னொருவர் வேறு லெவல் செய்யலாமா, கூடாதா, இந்தக் கோப்பை மாற்றாமல் சேர்த்தே விநியோகிக்கலாமா. சட்டம் படித்தவர் எவரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. இல்லாத கோர்ட்டுக்கு முன்னால் தாங்களாகவே எழுதிக்கொண்ட பத்திரம் அது. நான் இதைச் செய்தேன், இது என் பெயர், இதைக் கேட்டுவிட்டு எடு. அவ்வளவுதான்.

4

அந்தப் பெயரைத்தான் முதலில் தொலைத்தார்கள்.

1995 வாக்கில் கடைகளில் சிடிக்கள் வந்தன. கணினிகளில் இலவசமாகக் கிடந்த லெவல்களை நூற்றுக்கணக்கில் வழித்தெடுத்து ஒரே சிடியில் கொட்டி, மேலே பளபளப்பான அட்டை போட்டு விற்றார்கள். விஸார்ட்வொர்க்ஸ் என்ற கம்பெனியின் 'டி!ஸோன்' அவற்றில் பேர்போனது. மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிய சரக்கு என்று ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வசவுப்பெயர் உண்டு. நம்மூரில் இதற்கு இன்னும் நல்ல வார்த்தை இருக்கிறது: ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மூலக் கம்பெனி சும்மா இருக்குமா? அதுவும் இறங்கியது. திறமையான சில வெளியாட்களைக் கூலிக்கு அமர்த்தி 1995 கடைசியில் 'மாஸ்டர் லெவல்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. அதே சமயத்தில் 'டீம் டிஎன்டி' என்ற குழு முழு ஆட்டத்துக்கான 32 லெவல்களைச் செய்து முடித்து, இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்திருந்தது. வெளியிடும் தறுவாயில் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 1996ல் 'ஃபைனல் டூம்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இலவசமாக வரும் என்று காத்திருந்தவர்கள் கொதித்தார்கள், துரோகம் என்றார்கள். செய்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: மாதக்கணக்கில் உழைத்ததற்குக் காசு வந்தால் வேண்டாம் என்று எவன் சொல்வான்? இலவசம் என்கிற அறத்துக்கும் கூலி என்கிற நியாயத்துக்கும் நடுவே அந்தச் சமூகம் முதல்முறையாகப் பிளந்தது. இன்றைக்கும் அந்தப் பிளவு மூடவில்லை.

இன்னொரு பாதையும் திறந்தது. நல்ல லெவல் செய்தவர்களைக் கம்பெனிகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. டிம் வில்லிட்ஸ் அப்படித்தான் இட் சாஃப்ட்வேருக்குள் போனார். பென் மோரிஸ் தனியாளாகச் செய்த 'வேர்ல்ட்கிராஃப்ட்' எடிட்டரை வால்வ் என்ற கம்பெனி 1997ல் வாங்கியது. வால்வின் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தை மாற்றி மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 1999ல் வெளியிட்ட 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' அடுத்த ஆண்டே வால்வின் சரக்காகிவிட்டது. கம்பெனியின் பார்வையில் பாருங்கள். ஆராய்ச்சிச் செலவு இல்லை, பயிற்சிச் செலவு இல்லை, தோற்றுப்போகிற முயற்சிகளின் நஷ்டமும் இல்லை. ஆயிரம் பேர் ராத்திரி கண்விழித்துச் செய்து பார்ப்பார்கள். ஜெயித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்த உழைப்பைப் பற்றித்தான் டிசியானா டெரனோவா 2000ல் 'இலவச உழைப்பு' என்று எழுதினார். 2005ல் ஜூலியன் கூக்லிஹ் விளையாட்டையும் உழைப்பையும் ஒட்டவைத்து ஒரு புதுச் சொல்லே செய்தார். 'விளையாட்டுழைப்பு' என்று சொல்லலாம். உழைக்கிறவனுக்கே தான் உழைக்கிறோம் என்று தெரியாத உழைப்பு.

இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: ராத்திரி கண்விழிக்க யாருக்கு வாய்த்தது? சொந்தமாகப் பிசி வைத்திருந்தவர்களுக்கு. தொலைபேசிக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. பெரும்பாலும் வடஅமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு. நுகர்வோர் உற்பத்தியாளரானார்கள் என்று சொல்லும்போது எந்த நுகர்வோர் என்கிற கேள்வியை விட்டுவிட்டால் பெஞ்சமினைப் படித்ததில் அர்த்தமில்லை.

5

இனி வழக்கு.

1996ல் 'டியூக் நியூகெம் 3டி' வந்தது. டூம் வகையைச் சேர்ந்த ஆட்டம்தான். உருவாக்கியது 3டி ரெல்ம்ஸ், வெளியிட்டது ஃபார்ம்ஜென். டூமின் அனுபவத்திலிருந்து இவர்கள் பாடம் படித்திருந்தார்கள். எடிட்டரை ஆட்டக்காரன் தேடி அலைய வேண்டாம் என்று 'பில்ட்' என்ற தங்கள் சொந்தக் கருவியையே ஆட்டத்தின் சிடியோடு கொடுத்தார்கள். லெவல் செய்யுங்கள், பரிமாறிக்கொள்ளுங்கள் என்று ஊக்கமும் கொடுத்தார்கள். கூடவே உரிமத்தில் ஒரு வரி: செய்கிற லெவல்களை இலவசமாக மட்டுமே கொடுக்கலாம்.

மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனி, ஆட்டக்காரர்கள் செய்து ஏற்றியிருந்த 300 லெவல்களை இறக்கி, 'நியூக் இட்' என்ற பெயரில் சிடியாக விற்றது. மூல ஆட்டத்தில் இருந்தது 29 லெவல். ஊரார் செய்ததில் ஒரு சிடிக்கு மட்டும் 300. நாங்கள் பதிப்புரிமையை மீறவில்லை என்று அறிவிக்கும்படி மைக்ரோ ஸ்டாரே தெற்குக் கலிஃபோர்னியா மாவட்டக் கோர்ட்டுக்குப் போனது. ஃபார்ம்ஜென் தரப்பு எதிர்வழக்குப் போட்டது. 1996ல் மாவட்டக் கோர்ட், அட்டையில் போட்டிருந்த ஆட்டத்தின் படங்கள் மட்டும் தப்பு, லெவல் கோப்புகள் 'வழிப்படைப்பு' ஆகா என்றது. மூலத்திலிருந்து கிளைக்கிற தொடர்ச்சி, தழுவல், மொழிபெயர்ப்பு போன்றவற்றைத்தான் சட்டம் வழிப்படைப்பு என்கிறது. அவற்றைச் செய்யும் உரிமை மூல உரிமையாளருக்கே. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 1998 செப்டம்பரில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டின் முடிவைப் புரட்டிப்போட்டது. தீர்ப்பை எழுதியவர் அலெக்ஸ் கொஸின்ஸ்கி.

மைக்ரோ ஸ்டாரின் வாதம் நாம் மூன்றாம் பகுதியில் பார்த்ததுதான். லெவல் கோப்பில் கம்பெனியின் ஒரு படம்கூட இல்லை, இதை இங்கே வை என்கிற குறிப்புகள்தான் இருக்கின்றன, காப்பி எங்கே? நீதிபதி இதை ஒப்புக்கொண்டார்; ஒப்புக்கொண்டே மறுத்தார். குறிப்புகள் திரையில் வரப்போகிற காட்சியைத் துல்லியமாக விவரிக்கின்றன; அந்த விவரிப்பு சிடியில் நிலையாகப் பதிந்திருக்கிறது; அந்தக் காட்சிகளில் வருபவன் டியூக் நியூகெம். ஆகவே ஒவ்வொரு லெவலும் டியூக்கின் கதைக்கு ஒரு தொடர்ச்சி. தொடர்ச்சி எழுதும் உரிமை பதிப்புரிமை உள்ளவருக்கே. இலவசமாகக் கொடுக்கலாம் என்று அனுமதித்ததால் விற்கும் உரிமையையும் கம்பெனி கைவிட்டுவிட்டதாக ஆகாது.

அடிக்குறிப்பில் நீதிபதி ஒரு வேடிக்கையான விலக்கையும் எழுதினார். இதே லெவல் கோப்புகளை வேறொரு ஆட்டம் எடுத்துக்கொண்டு, சாதுவான ஒரு மனுஷன் சாம்பல் பழுப்பு நிறப் புதிர்வழியில் நடந்து பொல்லாத உப்புக்குடுவைகளைப் பேப்பர் கிளிப்பால் கொல்கிற கதையாகக் காட்டினால், அது டியூக்கின் கதை ஆகாது. அப்போது மீறலும் இல்லை. இந்த உப்புக்குடுவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

இந்தத் தீர்ப்பை இலக்கியக்காரர்கள் படிக்க வேண்டும். பாத்திரம் என்னுடையது, ஆகவே அந்தப் பாத்திரம் நடக்கிற எல்லா வீதியும் என்னுடையது என்கிறது அது. அகலிகையை எடுத்துப் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினாரே, யாரிடம் உரிமம் வாங்கினார்? எழுதியவனின் பெயரே ஐதீகமாகிப்போன காவியங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, தொடர்ச்சி எழுதுவது என்பதுதான் இலக்கியம்.

ஆனால் எனக்குத் தைக்கிற இடம் அதுவல்ல. வழக்கின் கட்சிக்காரர்கள் பட்டியலைப் பாருங்கள். ஒரு பக்கம் மைக்ரோ ஸ்டார். மறுபக்கம் ஃபார்ம்ஜெனும் அதைச் சார்ந்த கம்பெனிகளும். அந்த 300 லெவல்களைக் கட்டியவர்களில் ஒருவரும் அதில் கட்சிக்காரர் இல்லை. திருடியவருக்கும், வயல் என்னுடையது என்று சொன்னவருக்கும் சண்டை. உழுதவரைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. லெவல்காரருக்குத் தன் லெவலில் என்ன உரிமை என்பது கோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கேள்வியாகவே இல்லை.

தீர்ப்பால் லெவல்காரர்களுக்கு நல்லதுதானே நடந்தது என்று வாதிடலாம். இலவசமாகக் கொடுத்ததை இன்னொருத்தன் விற்காமல் அது தடுத்தது, உண்மை. ஆனால் தடுக்கிற அதிகாரம் யாருக்குக் கிடைத்தது? எழுத்துக் கோப்பில் 'கேட்டுவிட்டு எடு' என்று எழுதிவைத்தவருக்கா? இல்லை. இன்னொரு தகவலையும் பக்கத்தில் வையுங்கள். ஃபார்ம்ஜெனை 1996ல் ஜிடி இன்டராக்டிவ் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. அதே ஆண்டு அது வாங்கிய இன்னொரு கம்பெனி விஸார்ட்வொர்க்ஸ். ஆமாம், ஊரார் லெவல்களை அள்ளிக் கொட்டி 'டி!ஸோன்' விற்ற அதே விஸார்ட்வொர்க்ஸ்தான். ஒரே முதலாளி ஒரு கையால் அள்ளினார், மறு கையால் அள்ளியவனைப் பிடித்துக் கொடுத்தார்.

பார்த் சொன்ன மரணத்தை இப்போது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. மூல ஆசிரியனாகிய கம்பெனி சாகவில்லை. தான் எழுதாத தொடர்ச்சிக்கும் ஆசிரியனாகிக் கொழுத்தது. செத்தவன், வாசகனாக இருந்து அப்போதுதான் ஆசிரியனாகப் பிறந்தவன்.

6

கருவி நல்லது, உரிமம்தான் கெட்டது என்று முடித்துவிடவும் முடியாது.

லெவலைக் கூறுகூறாக வெட்டி மரவரிசையில் அடுக்குகிற கணக்கைப் பற்றிச் சொன்னேன். அந்த வழிமுறைக்கு இப்போதுள்ள உருவத்தை 1980ல் ஃபூக்ஸ், கெடம், நெய்லர் என்ற மூவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் கொடுத்தார்கள். அதன் வேர் இன்னும் பின்னால் போகிறது: 1969ல் அமெரிக்க விமானப்படைக்காக, பயிற்சிக் காட்சிகளைக் கணினியில் உருவாக்குவது பற்றி ஷூமேக்கர் குழுவினர் செய்த ஆய்வு. ராணுவத்திலிருந்து கிளம்பிய கணக்கு டெக்சாஸ் பையன்களின் பேய் விளையாட்டுக்குள் வந்து, மறுபடி ராணுவத்துக்கே திரும்பிப் போனது. 1996ல் அமெரிக்க மரைன் படையினர் கடையில் விற்ற டூம் 2ஐயும், ஆர்வலர்கள் இலவசமாக விட்டிருந்த எடிட்டர்களையும் கொண்டு 'மரைன் டூம்' செய்தார்கள். பேய்க்குப் பதில் எதிரிச் சிப்பாய். நான்கு பேர் கொண்ட அணி சேர்ந்து முன்னேறப் பழகுவதுதான் நோக்கம். வீட்டுச் சமையலறையைக் கட்டிய அதே கருவியில் பதுங்குகுழி. இலவசமாகக் கொடுப்பது என்பதற்கு இந்த முகமும் உண்டு. யார் எடுக்கலாம் என்று கொடுத்தவர் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2002ல் ஆன்-மரி ஷ்லைனரும் வேறு இரு கலைஞர்களும் 'வெல்வெட்-ஸ்ட்ரைக்' செய்தார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தின் சுவர்களில் போர் எதிர்ப்புப் படங்களைச் சுட்டி பூசும் வகையில் தயாரித்துக் கொடுத்தார்கள். சுடுவதற்கு வந்தவன் சுவரில் அதைப் பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அகதிகளைப் பாலைவனத்தின் நடுவே வூமெரா முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் உள்ளே போவது பெரும்பாடு. ஒரு குழு ஹாஃப்-லைஃபின் கருவிகளைக் கொண்டு அந்த முகாமையே லெவலாகக் கட்டியது. பெயர் 'எஸ்கேப் ஃப்ரம் வூமெரா'. ஆடுகிறவன் அங்கே அடைபட்ட அகதி. கையில் துப்பாக்கி கிடையாது. அரசின் கலை அமைப்பான ஆஸ்திரேலியா கவுன்சில் 25,000 ஆஸ்திரேலிய டாலர் மானியம் கொடுத்திருந்தது 2003ல் தெரியவந்ததும், குடியேற்ற அமைச்சர் பிலிப் ரட்டக் கண்டித்தார். அமைச்சரையே கோபப்பட வைக்கிற லெவல் என்றால் அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

கேமரா நுழைய முடியாத இடத்தை, உள்ளே இருந்தவர்களின் வாய்மொழியிலிருந்து கோடும் செக்டருமாக வரைந்து காட்ட முடியும் என்றால், எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் இந்தக் கருவிகளைப் பையன்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

7

1997 டிசம்பரில் கார்மாக் டூம் எஞ்சினின் நிரலைப் பொதுவில் வைத்தார். முதலில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1999ல் ஜிபிஎல் என்கிற பொது உரிமத்தின்கீழ் முழுச் சுதந்திரத்தோடு. ஒலிப் பகுதி மட்டும் வரவில்லை, அது வேறொருவரிடம் உரிமம் வாங்கியது. படங்களும் பேய்களும்கூட வரவில்லை. அவை இன்றும் கம்பெனியின் சொத்து. எஞ்சின் ஊருக்கு, பேய் கம்பெனிக்கு.

இங்கேதான் உப்புக்குடுவை திரும்பி வருகிறது. 2001ல் தொடங்கிய 'ஃப்ரீடூம்' என்ற கூட்டு முயற்சி, மூல வாட்டில் இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஒலிக்கும் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்து, யாரும் எடுக்கலாம் என்று விட்டது. அதே பெயர், அதே இடம், வேறு உருவம். ஊரார் செய்த பழைய டூம் லெவல்களை இதில் ஓட்டினால் கம்பெனியின் பேய் வராது, வேறு பேய் வரும். நீதிபதி கிண்டலாக எழுதிய அடிக்குறிப்பைப் பெயர் தெரியாத பலர் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில், நிஜமாகவே செய்து காட்டினார்கள். ஒரு தீர்ப்புக்கு இதைவிட நல்ல பதிலை வக்கீல் யாரும் எழுதிவிட முடியாது.

சண்டை ஓயவில்லை. 2015 ஏப்ரலில் வால்வும் பெதெஸ்டாவும் 'ஸ்கைரிம்' ஆட்டத்துக்கு வெளியார் செய்யும் மாற்றங்களை விலைக்கு விற்க ஒரு ஏற்பாடு கொண்டுவந்தன. விற்ற காசில் செய்தவருக்கு 25 சதவீதம். மீதி 75 சதவீதம் இரண்டு கம்பெனிகளுக்கு. எதிர்ப்பு கிளம்பி ஒரு வாரத்துக்குள் வாபஸ் வாங்கினார்கள். 2020ல் பிளிஸ்ஸார்ட் இன்னும் நேரடியாகவே எழுதிவிட்டது: எங்கள் எடிட்டரில் நீங்கள் செய்கிற வரைபடம் எங்களுடையது. அதே எடிட்டரின் மூத்த பதிப்பில் ஆட்டக்காரர்கள் செய்த 'டோட்டா' என்ற வரைபடம் பிற்பாடு வேறு கம்பெனிகளுக்குப் பெருஞ்செல்வம் ஆனதன் எரிச்சல் அது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். புதிய உரிமங்களில் புறங்கைக்கும் ஒரு ஷரத்து இருக்கிறது.

கருவியை யாராவது நீட்டும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த முப்பது வருஷக் கதை கற்றுத்தந்திருக்கிறது. எஞ்சின் யாருடையது? பேய் யாருடையது? உரிமத்தின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது? வழக்கு வந்தால் கட்சிக்காரர் பட்டியலில் என் பெயர் இருக்குமா? கேமுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல இவை. நம் எழுத்தும் படமும் குரலும் இன்றைக்கு யார் யாருடைய எஞ்சின்களிலோ ஏறிக்கிடக்கின்றன.

1994ல் ஒருத்தர் தன் வீட்டைக் கோடு கோடாக வரைந்து முடித்துவிட்டு, கூடவே ஒரு எழுத்துக் கோப்பில் தன் பெயரை எழுதி, கேட்டுவிட்டு எடு என்று வைத்தாரே, அந்தக் கோப்பைத்தான் சிடி விற்றவர்கள் மதிக்கவில்லை. கோர்ட்டும் அதைப் படிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. லெவல்காரர்கள் இன்றைக்கும் ஒவ்வொரு டூம் லெவலோடும் அதை எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.